பட்டியலில் அடங்காதோர்: இந்தோனேசியாவில் சமூக நலமும் ஏற்றத்தாழ்வும்

ஆய்வுச் சுருக்கம்

பல்வேறு இனக்குழுக்களும் சமயங்களும் வாழும் இந்தோனேசியாவில் சமூக நலம் மக்களைச் சென்றடைந்த வழியை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுப் பின்னணியில் இக்கட்டுரை ஆராய்கிறது. மக்கள் வகைப்பாடு, நில உரிமைப் பதிவு, வறியோர் பட்டியல், அடையாள அட்டை என ஒவ்வொரு காலத்திலும் அரசு கையாண்ட பதிவுமுறையே நலத்தின் வாயிலாக அமைந்தது. அப்பதிவில் அடங்காத சமூகங்களின் குறை, பதிவினாலேயே மறைந்தும் வளர்ந்தும் போனதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: இந்தோனேசியா, சமூக நலம், ஏற்றத்தாழ்வு, டெலி தோட்டங்கள், அதாத் சமூகங்கள், வறியோர் பட்டியல்.

முன்னுரை

வறியோரையும் கைவிடப்பட்ட குழந்தைகளையும் அரசு பேணும் என்று இந்தோனேசியாவின் 1945ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 34ஆம் பிரிவு உறுதி கூறுகிறது. அந்நாட்டின் அடிப்படைக் கொள்கையான பஞ்சசீலாவின் ஐந்தாவது கூறு மக்கள் அனைவருக்குமான சமூக நீதி ஆகும். இவ்வுறுதிமொழிகள் வெறும் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. அரசின் கணக்குப்படி 1976இல் 40 விழுக்காடாக இருந்த வறியோர் தொகை 1996இல் 11 விழுக்காடாகக் குறைந்தது. 2023 மார்ச்சில் அது 9.36 விழுக்காடு.

எனினும் அதே 2023இல் தலைநகர் ஜகார்த்தாவில் வறியோர் 4.4 விழுக்காடாகவும் பப்புவா மாநிலத்தில் ஏறத்தாழ 26 விழுக்காடாகவும் இருந்தனர். தொலைவு, போக்குவரத்து, முதலீடு ஆகியவை இவ்விடைவெளிக்குக் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. அவற்றோடு வைத்து எண்ணத்தக்க மற்றொரு காரணமும் உண்டு. நலத்தை வழங்கும் அரசு முதலில் மக்களை எண்ணுகிறது; எண்ணுவதற்கு முன் வகைப்படுத்துகிறது. அவ்வகைப்பாடு எவரை நினைவிற்கொண்டு செய்யப்பட்டது என்பது நலத்தின் எல்லையையும் வரையறுத்துவிடுகிறது.

குடியேற்ற ஆட்சியின் வகைப்பாடு

டச்சு ஆட்சியின் 1854ஆம் ஆண்டு ஆட்சி ஒழுங்குவிதி, மக்களை ஐரோப்பியர் என்றும் உள்நாட்டினர் என்றும் சட்டத்தால் பிரித்தது. சீனர், அரபியர் போன்றோர் உள்நாட்டினருக்கு நிகராக வைக்கப்பட்டனர். 1925ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களை 'அயல் கீழைநாட்டினர்' என்னும் மூன்றாம் வகுப்பாக நிலைநிறுத்தியது. 1899இல் ஜப்பானியர் ஐரோப்பியருக்கு நிகரானவர் ஆக்கப்பட்டனர். நாடுகளுக்கிடையேயான செல்வாக்கு மாறும்போது வகுப்பும் மாறும் என்பதற்கு இது சான்றாகும்.

கல்வியும் இப்பிரிவின் வழியே சென்றது. ஐரோப்பியர்க்குத் தனித் தொடக்கப்பள்ளிகள் இருந்தன. 1908 முதல் சீனர்க்கும், 1914 முதல் உள்நாட்டு மேற்குடியினர்க்கும் டச்சு மொழிவழிப் பள்ளிகள் அமைந்தன. சிற்றூர் மக்களுக்கு 1907இல் தொடங்கிய மூன்றாண்டு ஊர்ப்பள்ளிகளே வாய்த்தன. அவற்றின் செலவில் ஒரு பகுதியையும் ஊராரே ஏற்றனர். 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 6.07 கோடி மக்களுள் ஐரோப்பிய வகுப்பினர் 2.4 இலட்சம் பேர் மட்டுமே.

நிலத்திலும் இதே முறை செயற்பட்டது. உடைமை நிறுவப்படாத நிலம் யாவும் அரசுக்குரியது என்று 1870ஆம் ஆண்டு நில ஆணை அறிவித்தது. தோட்ட முதலாளிகளுக்கு 75 ஆண்டு வரை குத்தகை வழங்க இது வழி செய்தது. அதாத் எனப்படும் வழக்காற்று முறைப்படி நிலத்தைப் பொதுவில் ஆண்டுவந்த சமூகங்களிடம் அரசு கேட்ட வகையான ஆவணம் இல்லை.

நலக் கொள்கையும் தோட்ட நடைமுறையும்

கிழக்கிந்தியத் தீவுகளிடம் நெதர்லாந்து பட்டிருப்பது 'மானக் கடன்' என்று வான் தேவென்தர் 1899இல் எழுதினார். 1901இல் அரசி வில்ஹெல்மினாவின் அரியணை உரை அறநெறிக் கொள்கையை அரசின் கொள்கையாக அறிவித்தது. நீர்ப்பாசனம், கல்வி, குடிபெயர்த்தல் ஆகியவை அதன் மூன்று தூண்கள். ஜாவா, மதுரா தீவு மக்களின் நலிவை அறிய 1904இல் விரிவான விசாரணை தொடங்கப்பட்டது. 1905இல் ஜாவாவின் கெடு பகுதியிலிருந்து 155 குடும்பங்கள் சுமத்ராவின் லாம்போங்கிற்கு அனுப்பப்பட்டன. ஜாவாவின் நெருக்கடிக்குப் பிற தீவுகளின் நிலம் தீர்வாகக் கருதப்பட்டது. அந்நிலத்தில் வழக்காற்று உரிமை கொண்டிருந்தோர் இக்கணக்கில் முதன்மை பெறவில்லை.

இக்கொள்கை உருவான அதே காலத்தில் சுமத்ராவின் கிழக்குக் கரையில் வேறொரு நிலை நிலவியது. 1863இல் நீன்ஹைஸ் தொடங்கிவைத்த டெலி புகையிலைத் தோட்டங்கள், சீனரையும் ஜாவானியரையும் தமிழரையும் கூலிகளாகக் கொண்டு வளர்ந்தன. 1880ஆம் ஆண்டுக் கூலிச் சட்டம், ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைக் குற்றவாளியாக்கித் தண்டிக்க இடமளித்தது. தோட்டங்களில் நடந்த கொடுமைகளை வழக்கறிஞர் வான் டென் பிராண்ட் 1902இல் சிறுநூலாக வெளியிட்டார். அரசு வழக்கறிஞர் ரெம்ரெவ் நடத்திய விசாரணையின் அறிக்கை 1904இல் அளிக்கப்பட்டும் அக்காலத்தில் வெளியிடப்படவில்லை. பல பதின்ம ஆண்டுகளுக்குப் பின் 1987இல் யான் பிரேமனின் ஆய்வு வழியே அது பரவலாகத் தெரியவந்தது. தண்டனை ஒப்பந்தத்தில் விளைந்த பொருள்களை 1930இல் அமெரிக்கச் சுங்கச் சட்டம் தடுத்ததை அடுத்தே அவ்விதி தளரத் தொடங்கியது.

டெலியில் தமிழர் பெரும்பாலும் மாட்டுவண்டி ஓட்டவும் சாலையும் வடிகாலும் அமைக்கவும் அமர்த்தப்பட்டனர். மேடான் நகரில் 1884இல் எழுந்த மாரியம்மன் கோயில் அவர்களது இருப்பின் அடையாளம். சட்டத்தின் பார்வையில் செல்வமிக்க அரபு வணிகரும் வண்டியோட்டிய தமிழரும் ஒரே வகுப்பினர். இனத்தால் வகுத்த பதிவு, ஓர் இனத்துக்குள்ளும் இனங்களுக்கிடையிலும் நிலவிய வறுமை வேறுபாட்டைக் காட்டும் திறனற்றதாக இருந்தது.

விடுதலைக்குப் பின்: பள்ளியும் காடும்

1960ஆம் ஆண்டு அடிப்படை நிலச் சட்டம் 1870இன் ஆணையை நீக்கியது. ஆயினும் 1967ஆம் ஆண்டு வனச் சட்டம் தனியுரிமை இல்லாத காடுகளை அரசுக் காடுகளாகக் கொண்டது. காலப்போக்கில் நாட்டின் நிலப்பரப்பில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி வனப்பகுதியாக வரையறுக்கப்பட்டது. அங்கு வாழ்ந்தோரைச் சமூக நலத்துறை 'தனித்தொதுங்கிய சமூகங்கள்' எனப் பெயரிட்டு, நிலையான குடியிருப்புகளில் அமர்த்த முயன்றது. அவர்களுக்கு நலம் என்பது இடம்பெயர்தலை விலையாகக் கேட்டது.

இதே புதிய ஒழுங்கு ஆட்சியில் மாறான எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 1973க்கும் 1978க்கும் இடையே தொடங்கிய ஆண்டுத் திட்டங்களின் வழி 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகள் கட்டப்பட்டன. பள்ளியில் சேராத குழந்தைகளின் எண்ணிக்கையே பங்கீட்டின் அளவுகோல். எனவே பின்தங்கிய மாவட்டங்கள் கூடுதல் பள்ளிகளைப் பெற்றன. இத்திட்டம் கல்வியையும் பிற்கால ஊதியத்தையும் உயர்த்தியதை எஸ்தர் டுப்லோவின் 2001ஆம் ஆண்டு ஆய்வு நிறுவியது. பயனாளி இன்னார் என்று கேளாமல், குறை இன்னதென்று கேட்ட பதிவு அது.

வறியோரைக் கண்டறிதல்

1998ஆம் ஆண்டு நெருக்கடியில் வறியோர் தொகை 24 விழுக்காடாக உயர்ந்தபோது மானிய விலை அரிசித் திட்டம் தொடங்கியது. பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கென வந்த அரிசியை ஊர்த்தலைவர்கள் பல இடங்களில் அனைவருக்கும் சமமாகப் பகிர்ந்தனர். திட்ட ஆய்வாளர்கள் இதைக் கசிவு என்றனர். கூட்டுழைப்பாலும் பரிமாற்றத்தாலும் இயங்கும் ஊரில் சிலருக்கு மட்டும் வழங்குவது பிளவை உண்டாக்கும் என்பது ஊராரின் அச்சம். அதேவேளை சமப்பங்கீட்டால் மிக வறியோரின் பங்கு குறைந்ததும் உண்மையே.

2005இல் எரிபொருள் விலை உயர்த்தப்பட்டபோது ஏறத்தாழ 1.9 கோடி குடும்பங்களுக்கு மூன்று மாதங்களுக்கு 3 இலட்சம் ரூபியா வீதம் பணம் வழங்கப்பட்டது. தரையின் தன்மை, சுவரின் தன்மை, கழிப்பிடம், விளக்கு, சமையல் எரிபொருள் முதலான 14 குறியீடுகளால் குடும்பங்கள் மதிப்பிடப்பட்டன. பட்டியலில் இடம்பெறாதோரின் எதிர்ப்பு பல ஊர்களில் வன்முறையாகவும் வெடித்தது. குறியீடுகளின் பொருத்தமும் எண்ணத்தக்கது. பாந்தென் மாநிலத்தின் படுய் மக்கள் வழக்காற்றின்படி மூங்கில் வீடுகளில் வாழ்கின்றனர். பப்புவா மலைநாட்டு ஹோனாய் வீடு புல்வேய்ந்த கூரையுடையது. ஓரிடத்தில் வறுமையைக் காட்டும் சுவர் பிறிதோரிடத்தில் மரபையே காட்டும். 2007இல் தொடங்கிய நிபந்தனைசார் உதவித்தொகை, பள்ளி வருகையையும் மருத்துவப் பரிசோதனையையும் கோரியது. அவ்வசதிகளே அரிதான பகுதிகளில் இந்நிபந்தனை நிறைவேற்ற அரியது.

அட்டையும் சமயமும்

2014 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய மருத்துவக் காப்பீடு உட்பட, நலத்திட்டங்கள் பலவும் குடியடையாள எண்ணோடு இணைக்கப்பட்டுள்ளன. அடையாள அட்டையில் சமயம் குறிக்கப்பட வேண்டும். அரசு ஏற்ற ஆறு சமயங்களைச் சாராதோர் அவ்விடத்தை வெறுமையாக விடும்படி 2006ஆம் ஆண்டுச் சட்டம் பணித்தது. சும்பா தீவின் மராப்பு, வட சுமத்ராவின் பர்மாலிம் போன்ற நெறிகளைப் பின்பற்றுவோர்க்குத் திருமணப் பதிவு, பிறப்புச் சான்று, குடும்ப அட்டை ஆகியவை ஒவ்வொன்றும் தடையாயின. சமயத்தில் நேர்ந்த வெற்றிடம் நலத்திலும் வெற்றிடமாயிற்று. 2017 நவம்பர் 7இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இவ்விதியைத் திருத்தி, நம்பிக்கையாளர் என்று பதிவுபெறும் உரிமையை அவர்களுக்கு வழங்கியது. அதற்கு முன்னரே 2013 மே 16இல், வழக்காற்றுக் காடு அரசுக் காடு அன்று என அந்நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. இரு வழக்குகளிலும் சமூகங்கள் பதிவின் சொற்களையே மாற்றக் கோரின.

முடிவுரை

குடியேற்ற ஆட்சி இனத்தைக் கேட்டது. நில ஆணை ஆவணத்தைக் கேட்டது. குடியரசு குடும்ப அட்டையையும் சமயத்தையும் கேட்டது. விடையளிக்க இயலாதோர் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே விளிம்பில் நின்றனர். பள்ளிகளைப் பங்கிட்டபோது அரசு கேட்டது குறையை மட்டுமே. அதனால் பின்தங்கிய பகுதிகள் முன்னிடம் பெற்றன. வறியோரைக் குறிபார்த்து வழங்குவதா, ஊர் முழுமைக்கும் வழங்குவதா என்னும் விவாதம் இந்தோனேசியாவில் தொடர்கிறது. பட்டியலின் கேள்விகளை எச்சமூகத்தின் வாழ்வை வைத்து அமைப்பது என்பது அவ்விவாதத்திற்கு முன்பே விடை காணவேண்டிய வினாவாகும்.