சூட்டைத் தாங்கிய பீங்கான்

குளிர்ந்த கண்ணாடிக் குவளையிற் கொதிநீரைத் திடீரென வார்த்தால் அது வெடித்துவிடுகிறது. சூடேறிய உட்புறம் விரிய முயல, குளிர்ந்த வெளிப்புறம் இடங்கொடாமையே அதற்குக் காரணம். இந்த எளிய உண்மையே திண்ம ஒட்சைட்டு எரிபொருட் கலத்தின் வரலாற்றை நடத்திச் சென்றது எனலாம்.

ஐதரசனும் ஒட்சிசனும் சேரும்போது மின்னோட்டம் பெறலாம் என்பதை இங்கிலாந்தில் வில்லியம் குரோவ் 1839 இல் வெளியிட்டார். அவர் கையாண்டது அமிலம். அமிலத்தின் இடத்திற் பீங்கான் போன்ற திண்மத்தை வைக்கும் வழியைத் திறந்தவர் ஜெர்மானிய அறிஞர் வால்தர் நேர்ன்ஸ்ற். சிர்க்கோனியாவுடன் சிறிது இத்திரியாவைக் கலந்தால் கடுஞ்சூட்டில் அது மின்னைக் கடத்தும் எனக் கண்டு, 1890களின் பிற்பகுதியில் அவர் ஒரு விளக்கைச் செய்தார். அப்பொருளைக் கொண்டு சூரிச் நகரில் எமில் பவுரும் ஹான்ஸ் பிறைசும் 1937 இல் ஏறத்தாழ 1000 பாகைச் சூட்டில் எரிபொருட் கலத்தை இயக்கினர். திண்மத்திலுள்ள வெற்றிடங்கள் வழியே ஒட்சிசன் அயன்கள் தாவிச் செல்கின்றன என்பதைக் கார்ல் வாக்னர் 1943 இல் விளக்கினார்.

கலம் இயங்கிற்று, ஆயினும் நிலைத்து உழைக்குமா என்பதே வினா. அறைச் சூட்டிலிருந்து 1000 பாகைக்கு ஏறும்போது சிர்க்கோனியா நூற்றில் ஒரு பங்கு நீளுகிறது. நிக்கல் அதனினும் மிகுதியாக நீளும். இரண்டையும் ஒட்டிவைத்தால் ஒன்றையொன்று இழுத்துத் தகைப்பை உண்டாக்கும். உலோகம் வளைந்து கொடுக்கும், பீங்கானோ உடையும். உடையத்தக்க பொருள்கள் தம்முள் மறைந்துள்ள நுண்கீறல்களாலேயே தோற்கின்றன என 1921 இல் கிறிபித் காட்டினார். பொருள் பெரிதாகுந்தோறும் கேடான கீறல் அமையும் வாய்ப்பும் பெருகும் என்பதை 1939 இல் சுவீடனைச் சேர்ந்த வைபுல் கணக்கிட்டுரைத்தார். ஆகவே பெருந்தகடு செய்வது இடருடையதாயிற்று.

பரிகாரங்கள் படிப்படியாகப் பிறந்தன. 1960களில் அமெரிக்காவில் ஸ்பாசில் நிக்கலையும் சிர்க்கோனியாவையும் கலந்து மின்வாய் அமைக்கும் முறைக்குக் காப்புரிமை கோரினார். இக்கலவையின் விரிவு சிர்க்கோனியாவின் விரிவை நெருங்கியது. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனமோ தகட்டை விட்டுக் குழாயை நாடிற்று. ஒரு முனை மூடிய குழாய் தடையின்றி நீளலாம். வாயு கசியாதவாறு இறுக்கிப் பூட்ட வேண்டியதில்லை. அத்தகைய 1152 குழாய்கள் கொண்ட 100 கிலோவாற்று நிலையம் நெதர்லாந்தில் 1990களின் இறுதியிலிருந்து 2000 வரை 16,000 மணித்தியாலத்துக்கு மேல் இயங்கிற்று.

எனினும் வேறோர் எதிரி எஞ்சியிருந்தது. எரிபொருள் தடைப்பட்டு வளி உட்புகுந்தால், நிக்கல் ஒட்சைட்டாக மாறி ஏறத்தாழ 70 சதவீதம் பருக்கும். அதன் நெருக்கலில் அருகிலுள்ள பீங்கான் படலம் பிளக்கும். அதனாலேயே மின்னாக்கத் திறனைப் போலவே, நிறுத்தவும் மீளத் தொடங்கவும் வல்ல தன்மையையும் பொறியியலாளர் முக்கியமாகக் கருதுகின்றனர். சூட்டை 600 பாகை அளவிற்குக் குறைத்து, உருக்குத் தகட்டின் மேல் மெல்லிய படலமாகப் பீங்கானை அமைக்கும் முறையும் இந்நோக்கிலேயே எழுந்தது.

இதே வகைப் பீங்கானின் பொறுமை 2021 இல் வேற்றுலகிலுஞ் சோதிக்கப்பட்டது. செவ்வாயில் மொக்சி என்னுங் கருவி, கலத்தை எதிர்த்திசையில் இயக்கிக் காபனீரொட்சைட்டிலிருந்து ஒட்சிசனைப் பிரித்தது. கடுங்குளிரிலிருந்து 800 பாகை வரை சூடேறி, மீண்டும் ஆறி, 2023 வரை 16 முறை அது இயங்கிற்று. கிடைத்த ஒட்சிசன் 122 கிராமே. ஆயினும் அத்தனை முறை சூடேறி ஆறியும் பீங்கான் தன் பணியைச் செய்தது. குவளையை வெடிக்கச் செய்யும் விதியை மாற்ற எவராலும் இயலாது. அதனை அறிந்து, பொருளுக்கு விரிய இடங்கொடுத்தோரே வெற்றி கண்டனர்.