கட்டுறது ஒரு தடவை, தூர் வாருறது வருஷா வருஷம்



2019 ஜூன் மாசம் மயிலாப்பூர்ல மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். தண்ணி இல்லைன்னு பேரனோட பள்ளிக்கூடத்தை மத்தியானமே விட்டுட்டாங்க. கூட்டிவரப் போன இடத்தில், சுவரோரம் ‘மழைநீர் சேகரிப்பு’ என்று எழுதிய சிமெண்ட் மூடி கண்ணில் பட்டது. வாட்ச்மேனிடம் கேட்டுத் தூக்கிப் பார்த்தேன். ஜல்லியே தெரியலை, மண்ணும் சருகும் அடைச்சுக் கிடந்தது. “நான் வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு ஐயா, இதை யாரும் திறந்ததில்ல” என்றார்.

அந்தத் தொட்டி வந்த கதை பெரிசு. இன்றைய தி.நகர், 1920-களில் மாம்பலம் ஏரியை வடித்து உண்டான ஊர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கு, ஏரிதான் இல்லை. மழைத்தண்ணி தங்குற இடமெல்லாம் இப்படி வீடானதால், பெய்யுற மழையைக் கட்டடத்துக்குள்ளேயே பிடிக்க வேண்டியதாச்சு. ஆகாஷ் கங்கா அறக்கட்டளை 2002-ல் மந்தைவெளியில் மழை மையம் திறந்து, அதை எப்படிச் செய்யணும்னு மக்களுக்குக் காட்டியது. 2003-ல் ஜெயலலிதா அரசு அவசரச் சட்டம் போட்டு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கியது. அடுத்து வந்த நல்ல மழையில் கிணறுகளில் தண்ணி ஏறிச்சு.

சட்டம் கட்ட வச்சுது. காப்பாத்துறது யார் பொறுப்புன்னு கட்டடத்துக்குள்ள யாரும் பேசி வைக்கலை.

எங்க மதுராந்தகம் பக்கம் ஏரிக்கு நீர்க்கட்டி என்று ஒரு ஆள் உண்டு. மதகைத் திறந்து மூடுறது அவர் வேலை. அறுவடையில் களத்திலேயே அவர் பங்கு நெல்லை அளந்துடுவோம். கோடையில் வீட்டுக்கு ஒரு ஆள் போய் கால்வாயைத் தூர் வாரணும். இதுதான் குடிமராமத்து. வெள்ளைக்காரன் 1858-லேயே இதைச் சட்டத்தில் எழுதினான். ஆனா ஊர் கூடிப் போறது நின்னதும், சட்டம் இருந்தும் ஏரிகள் மேடாச்சு.

கணக்கைப் பாருங்க. பத்தாயிரம் சதுர அடி மொட்டைமாடியில், சென்னையில் வருஷத்துக்குப் பெய்யும் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை விழுந்தா ஏறக்குறைய 13 லட்சம் லிட்டர். அதில் பாதி கிணத்துக்குள் இறங்கினாலும் பிள்ளைகளைப் பாதி நாளில் வீட்டுக்கு அனுப்ப வேண்டி வருமா? அந்த வருஷம் ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணி வந்துச்சு.

மகள் பெற்றோர் கூட்டத்தில் பேசினா. ஒரு சனிக்கிழமை நாங்க நாலு பேர் மண்ணை அள்ளி, ஜல்லியைக் கழுவி, புது மணல் போட்டோம். அரை நாள் வேலைதான். அதைவிட முக்கியம், ஆபீஸில் ஒரு நோட்டு தொங்க விட்டோம்: யார் திறந்தது, எந்தத் தேதி. வருஷா வருஷம் ஆவணி முடியறதுக்குள்ள ஒரு கையெழுத்து விழணும்.

உங்க வீட்டு மூடியைக் கடைசியா யார் திறந்தது? ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு தடவை தூக்கிப் பார்த்துடுங்க.