வெப்பம் தாங்கும் வினையூக்கி: புரொப்பேன் ஹைட்ரஜன் நீக்கத்தில் எதை அளவுகோலாகக் கொள்வது?

புரொப்பேனிலிருந்து ஹைட்ரஜனை நீக்கிப் புரொப்பிலீன் பெறுவது வெப்பங்கொள் வினை. மோலுக்கு ஏறத்தாழ 124 கிலோஜூல் தேவை. 1 வளிமண்டல அழுத்தத்தில் புரொப்பேனில் பாதி மாறுவதற்கே 600 பாகை செல்சியஸை நெருங்க வேண்டும். எனவே வினையூக்கி வெப்பம் தாங்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எதைத் தாங்க வேண்டும் என்பதில்தான் ஆய்வேடுகளும் ஆலைகளும் பிரிந்து நிற்கின்றன.

பிளாட்டினத்தின் உருகுநிலை 1768 பாகை. ஆயினும் உலோகத்தின் மேற்பரப்பு அணுக்கள், கெல்வின் அளவில் உருகுநிலையின் பத்தில் மூன்று பங்கிலேயே இடம்பெயரத் தொடங்கிவிடும். பிளாட்டினத்துக்கு இது சுமார் 340 பாகை. 600 பாகையில் நுண்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருக்கின்றன. கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை முறிக்க ஓரிரு அணுக்கள் போதும். கார்பன்–கார்பன் பிணைப்பை முறிப்பதற்கோ அடுத்தடுத்து அமைந்த அணுக்கூட்டம் வேண்டும். துகள் பருத்தால் அத்தகைய கூட்டங்கள் பெருகும். புரொப்பேன் மீத்தேனாகவும் எத்திலீனாகவும் சிதையும், புரொப்பிலீன் கரியாகப் படியும். ஆக, தெரிவுத்திறனையும் (வேண்டிய புரொப்பிலீனை மட்டும் தரும் திறன்) நிலைப்பையும் தனித்தனியே வடிவமைக்க முயல்வது வீண்.

வெள்ளீயம் இங்கேதான் பயன்படுகிறது. அது பிளாட்டினம் அணுக்களைப் பிரித்து வைப்பதோடு, உருவான புரொப்பிலீன் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் வலிமையையும் குறைக்கிறது. ஆனால் உலோகத் துகள்களைச் சுமக்கும் அலுமினாத் தாங்கி வெள்ளீயத்தின் ஒரு பகுதியை ஆக்சைடாகத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிறது. சிலிக்கா அவ்வளவாகப் பிடிப்பதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சுல்ஜோ லினிச் குழு 2021இல் வெளியிட்ட சிலிக்கா மீதான பிளாட்டினம்–வெள்ளீய வினையூக்கி, 580 பாகையில் 99 விழுக்காட்டுக்கு மேற்பட்ட தெரிவுத்திறனுடன் 30 மணிநேரம் இயங்கியது. தாங்கியும் வடிவமைப்பின் உறுப்பே என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் குறைவு.

ஆனால் ஆலையில் கரி படிந்தே தீரும். அதைக் காற்றில் எரித்தே ஆக வேண்டும். குரோமியம் ஆக்சைடைப் பயன்படுத்தும் கேட்டோஃபின் முறையில் இது சில நிமிடங்களுக்கொருமுறை நடக்கிறது. பிளாட்டினத்தைப் பயன்படுத்தும் ஓலிஃப்ளெக்ஸ் முறையில் வினையூக்கி தொடர்ந்து சுழன்றபடியே எரிப்புக்குச் செல்கிறது. பருத்த பிளாட்டினத்தை மீண்டும் சிதறச் செய்யக் குளோரினும் செலுத்தப்படுகிறது. ஆக்சிஜன் பட்டதும் வெள்ளீயம் ஆக்சைடாகி உலோகக் கலவையிலிருந்து பிரிந்துவிடும். மறுபடி ஹைட்ரஜன் பாயும்போது அது பிளாட்டினத்திடமே திரும்பிச் சேர்கிறதா என்பதுதான் என் கணிப்பில் வெப்பம் தாங்குதலின் மெய்யான சோதனை. வெள்ளீயத்தைத் தளர்வாக வைத்திருக்கும் சிலிக்கா, கலவை மீள உதவலாம். அதே தளர்வு துகள்கள் நகர்வதற்கும் வழிவிடலாம். இந்த முரண்பாடு இன்னும் முழுமையாகத் தீரவில்லை.

சமநிலைக்கு வெகு தொலைவில், நீர்த்த வளிமத்தில், புத்தம் புதிய வினையூக்கியின் தெரிவுத்திறனை மட்டும் அளந்து வெளியிடுவது இனிப் போதாது. கரியெரிப்புச் சுற்றுகள் பலவற்றுக்குப் பிறகான துகள் அளவு, கலவை விகிதம், தெரிவுத்திறன் ஆகிய மூன்றையும் ஆய்வாளர்கள் சேர்த்தே தர வேண்டும். இதழ்களும் அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும்.