மருத்துவ மேதை ராஸீயும் மேடைக் கதையும்

நம் விழா மேடைகளில் மருத்துவ மேதை அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா ராஸீயைப் பற்றி ஒரு செய்தி தவறாது கூறப்படுகின்றது. பக்தாதில் மருத்துவமனைக்கு இடம் தேடியபோது, அன்னார் நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிடச் செய்தாராம். இறைச்சி கெடத் தாமதித்த இடத்தையே தேர்ந்தாராம். கேட்க இனிய செய்திதான். ஆயின் அது நிற்குமா?

இதனைப் பதிவு செய்த இப்னு அபீ உஸைபிஆ, அளுதுத் தவ்லாவின் மருத்துவமனையோடு இதை இணைக்கின்றார். அது திறக்கப்பெற்றது ஹிஜ்ரி 372இல் (கி.பி. 982). ராஸீ மறைந்ததாக அல்-பீரூனீ குறிப்பதோ ஹிஜ்ரி 313 (கி.பி. 925). ராஸீ காலத்தால் முந்தியவர் என்பதை இப்னு அபீ உஸைபிஆவே அந்நூலில் சுட்டிக்காட்டியுள்ளார். அறிவித்தவரும், அவர் யாரிடம் கேட்டாரோ அவரும் ஒரே காலத்தவரா என்று பார்ப்பது ஹதீஸ் கலையின் தொடக்கப் பாடம். அப்பாடத்தை நம் பெருமை பேசும்போது மட்டும் மறப்பது முறையன்று.

உறுதியான சான்றுகள் இல்லாமலா நாம் கதையை நாடுகின்றோம்? இன்றைய தெஹ்ரானுக்கு அருகிலுள்ள ரை நகரில் ஹிஜ்ரி 251இல் பிறந்த அவர், அங்கும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராய்ப் பணியாற்றினார். அவர்தம் பாட அவையைப் பற்றி, ரை நகரத்து முதியவர் ஒருவர் கூறியதை இப்னுந் நதீம் எழுதி வைத்துள்ளார். அருகே மாணவர்கள், அவர்களுக்குப் பின்னே அம்மாணவர்களின் மாணவர்கள் என வரிசை வரிசையாய் அமர்வர். நோயாளி முதலில் கடைசி வரிசையினரிடம் தம் நோயைக் கூறுவார். அவர்களால் இயலாதபோது அடுத்த வரிசைக்குச் செல்வார்; எவராலும் இயலாதபோதுதான் ஆசிரியர் வாய் திறப்பார். ஏழை நோயாளிகளுக்கு அவர் உதவித் தொகையும் வழங்கி வந்தார் என்று அதே குறிப்பு கூறுகின்றது.

பெரியம்மை, தட்டம்மை பற்றிய அவரது நூல் இரண்டையும் அறிகுறிகளால் பிரித்துக் காட்டுகின்றது: முதுகுவலி பெரியம்மையில் மிகுதி, குமட்டலும் மனக் கலக்கமும் தட்டம்மையில் மிகுதி. குருதி கொதிப்பதே நோய்க்குக் காரணம் என்ற அவரது கொள்கை இன்று நிற்காது. எனினும், 1980இல் உலகிலிருந்து ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட பெரியம்மையின் வரலாற்றில் அந்நூலுக்குத் தனியிடம் உண்டு.

மூளைக் காய்ச்சலில் குருதி வாங்குவது பயன் தருமா என்றறிய, ஒரு சாராருக்கு அதைச் செய்து, மற்றொரு சாராரை வேண்டுமென்றே விட்டுவைத்து ஒப்பிட்டதாக அவரே ‘அல்-ஹாவீ’யில் எழுதியுள்ளார். அவர் கண்ட முடிவு தவறாகலாம். ஒப்பிட்டறியும் வழி வாழ்கின்றது. தாம் ஆசானாய் மதித்த ஜாலீனூஸின் கூற்றுகளையும் ஐயுற்று, அதற்கெனத் தனி நூலே இயற்றினார்.

நபித்துவம் பற்றி அவர் கூறியனவாக வந்துள்ள கருத்துகளை நாம் ஏற்பதற்கில்லை. நம் முன்னோரும் அவற்றை மறுத்தனர். ஆயினும் அவரது மருத்துவத்தை ஒதுக்கவில்லை.

ஆசானையே ஆராய்ந்த ஒருவரை ஆராயாத கதையால் புகழ்வது அவருக்குச் சிறப்பாகாது. கதை பொய்யென்று நாளை அறியும் மாணவன், மெய்யானவற்றையும் சேர்த்தே ஐயுறுவான். ஆகவே மேடையில் இறைச்சித் துண்டுகளை விடுத்து, கடைசி வரிசை மாணவனும் நோயாளியின் சொல்லை முதலில் கேட்ட அந்தப் பாட அவையை எடுத்துரைப்போமாக.