சீன்

மைசூரு ரங்காயணத்தின் பூமிகீதா போன்ற அரங்கில் லைட் போர்டில் இருப்பவர் ‘சீன்’ என்றால் நாடகக் காட்சியைச் சொல்லவில்லை. எந்த விளக்கு எத்தனை விழுக்காடு எரியவேண்டும் என்று பதிந்துவைத்து, பொத்தானை அழுத்தினால் அப்படியே திரும்பும் ஒளியமைப்பு அது. சொல்லின் மூலமான கிரேக்க ‘ஸ்கேனே’ வெறும் கூடாரம். பிறகு நடிகர்கள் வேடம் மாற்றும் கொட்டகை. நம் கம்பெனி நாடகங்களில் சீன் என்றால் தீட்டிய திரை. தெருவில் ‘சீன் போடாதே’ என்பதும் அதன் வாரிசுதான் போலும். சரி, தமிழில் என்ன சொல்வது? 1891இல் வந்த மனோன்மணீயம் நாடகத்தில் சுந்தரம் பிள்ளை காட்சியைக் ‘களம்’ என்றார். எனக்குப் பிடித்த சொல். ஆனால் ஒரே களத்துக்குள் ஒளி பத்து முறை மாறுமே! ‘காட்சி’யிலும் அதே சிக்கல். ‘ஒளிநிலை’ பொருந்தும், ஒத்திகை அவசரத்தில் சொல்லத்தான் கொஞ்சம் நீளம்.