கயிறு இழுத்தால் நாய் தலைக்கு மேல ஏறுமா?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு பழைய துண்டு. மாங்காட்டில் எங்க தெருவிலேயே பிறந்த குட்டி கருப்பன். எட்டு மாசக் குட்டியா இருக்கும்போது அந்தத் துண்டைக் கவ்விக்கிட்டு வந்து என் முன்னால நிப்பான். ஒரு முனையை நான் பிடிக்கணும், அவன் இழுக்கணும். ஒருநாள் இதைப் பார்த்த பயிற்சியாளர் ஒருத்தர், "ஜெயிக்க மட்டும் விட்டுடாதீங்க சார், அப்புறம் உங்களையே அதட்டும்" என்றார். துண்டு பரணுக்குப் போச்சு, கழுத்துக்கு இறுக்குச் சங்கிலி வந்துச்சு. மூணு மாசத்தில் கருப்பன் சொன்னதைக் கேட்டான். ஆனா கூப்பிட்டா வாலை ஒடுக்கிக்கிட்டுத்தான் வந்தான்.

இந்த "ஜெயிக்க விடாதே" எங்கிருந்து வந்தது?

ஜெர்மனியில் போலீஸ் நாய்களைப் பழக்கிய கான்ராட் மோஸ்ட் 1910இல் ஒரு கையேடு எழுதினார். அவரைச் சும்மா திட்டிட்டுப் போக முடியாது. பரிசு எந்த நொடியில் போய்ச் சேரணும் என்பதை, ஸ்கின்னர் எழுதுவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே புரிஞ்சு வச்சிருந்தார். ஆனா முரண்டு பிடிக்கிற நாயை பலத்தால் அடக்கணும், மனுஷன்தான் கூட்டத்தின் தலைவன் என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கு.

1947இல் ருடால்ஃப் ஷென்கல், பாசல் மிருகக்காட்சி சாலையில் அடைச்சு வச்சிருந்த ஓநாய்களைப் பார்த்து, அவை பதவிக்காகச் சண்டை போடுவதை விவரித்தார். டேவிட் மெக் 1970இல் எழுதிய ஓநாய்ப் புத்தகம் அதைப் பரப்பியது. ஓநாய் அப்படின்னா நாயும் அப்படித்தான், அப்போ கயிறு இழுப்பதும் பதவிச் சண்டைதான்! காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான் என்று அதே மெக் 1999இல் எழுதினார். அந்தத் திருத்தம் நம்ம ஊர்ப் பயிற்சியாளர் வரைக்கும் வந்து சேரலை.

கயிறு விஷயத்தை நேரடியாவே சோதிச்சுப் பார்த்தாங்க, இங்கிலாந்தில். நிக்கோலா ரூனியும் ஜான் பிராட்ஷாவும் 2002இல் வெளியிட்ட ஆய்வு அது. 14 கோல்டன் ரெட்ரீவர்கள். ஒவ்வொண்ணும் 20 தடவை ஜெயிச்சது, 20 தடவை தோத்தது. ஜெயிச்ச நாய் எதுவும் தலைக்கு மேல ஏறலை. ஜெயிச்சாலும் தோத்தாலும், விளையாடி முடிச்சதும் சொல்றதை இன்னும் கவனமாக் கேட்டது. ரொம்ப விளையாட்டுப் பித்துள்ள நாய்கள் ஜெயிச்சப்போ இன்னொரு ஆட்டம் கேட்டுச்சு, அவ்வளவுதான்.

2017இல் இன்னொரு ஆய்வு, 16 லாப்ரடார்களோட. பாடம் கத்துக்கிட்டதும் பாதி நாய்களை அரை மணி நேரம் நடக்க வச்சு, பந்து போட்டு விளையாட விட்டாங்க. மீதியை ஓய்வெடுக்க விட்டாங்க. மறுநாள் அதே பாடத்துக்கு விளையாடினவற்றுக்குச் சராசரி 26 முயற்சி போதுமா இருந்தது. மற்றதுக்கு 43.

வெடிகுண்டு மோப்ப நாய்க்கு வெடிமருந்தைப் பத்தி என்ன தெரியும்? அந்த வாசனையைக் கண்டுபிடிச்சா தன்னோட பந்து கிடைக்கும். அதுக்குத்தான் அத்தனை பெட்டியையும் முகருது. நம்ம சிப்பிப்பாறைக்கு முயலைத் துரத்துறதே பரிசு, தனியா பிஸ்கட் எதுக்கு? 1972 வனவிலங்குச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். ஆனா துரத்துற ஆசை ரத்தத்தில் அப்படியே இருக்கு. மாடியில் கட்டிப்போட்டுட்டு "ஒரே தொல்லை" என்று புலம்புறவங்க ஒரு துணிப்பந்தை உருட்டிவிட்டுப் பாருங்க.

ஒண்ணு சொல்லணும், ஆட்டத்தை ஆரம்பிக்கிறதும் நிறுத்துறதும் தெளிவா இருக்கணும். 'விடு' என்றால் விடணும், விட்ட உடனே மறுபடி ஆட்டம். விட்டா ஆட்டம் முடிஞ்சிடும்னு நினைக்கிற நாய்தான் விடாமல் உறுமும்.

இதெல்லாம் படிச்சுட்டு, போன வருஷம் பரணிலிருந்து துண்டை எடுத்தேன். முதல் மூணு நாள் கருப்பன் அதைத் தொடவே இல்லை. என் முகத்தைப் பார்க்கிறான், துண்டைப் பார்க்கிறான், தள்ளிப் போய்ப் படுத்துக்கிறான். சொன்னதைக் கேட்கிற நாய்னு நான் பெருமைப்பட்டது இதைத்தான். நாலாவது நாள் சாயங்காலம் முன்னங்கால் ரெண்டையும் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி நின்னான். விளையாட்டுதான், சண்டை இல்லைன்னு நாய்கள் சொல்ற பாஷை அது. ஒரு முனையைக் கவ்வினான். நான் கொஞ்சம் இழுத்துட்டு விட்டுட்டேன். வாசல் வரைக்கும் ஓடினவன், திரும்பி வந்து துண்டை என் கால்மேல போட்டான்.