சனிக்கிழமை யாருக்குச் சொந்தம்?

ஜூன் மாத நடுவில் இங்கிலாந்தின் கால்பந்து மைதானங்கள் வெறிச்சோடிக் கிடக்கும். புல்லைப் பெயர்த்துப் புது விதை தூவியிருப்பார்கள். ஆட்டக்காரர்கள் விடுமுறையில் எங்காவது கடலோரம் இருப்பார்கள். ஆனாலும் அந்த மாதத்தில் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு நாடெங்கும் ரசிகர்கள் கையில் போனோடு காத்திருக்கிறார்கள். பிரீமியர் லீக்கின் அடுத்த சீசனுக்கான ஆட்ட அட்டவணை வெளியாகும் நேரம் அது.

அதைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் தொடக்க ஆட்டம். அடுத்து டிசம்பர் 26, பாக்சிங் டே: சொந்த மைதானத்திலா, வெளியூரிலா? பிறகு பக்கத்து ஊர்ப் பகையாளியோடு மோதும் டெர்பி நாள்கள். பிறகு கடைசி ஆட்டம். இவ்வளவும் பார்த்து முடித்த பின்புதான் வீட்டுக் காலண்டர் கைக்கு வரும். எந்தச் சனிக்கிழமை கல்யாணத்துக்குப் போகலாம், எதில் முடியாது என்று கணக்குப் போடுவார்கள். கூடவே முணுமுணுப்பும் தொடங்கிவிடும். முதல் ஐந்து வாரத்திலேயே பெரிய கிளப்புகள் எல்லாம் நம் தலையிலா? கீழ்ப் பிரிவிலும் இதே முணுமுணுப்பு இருந்ததுண்டு: நாட்டின் தென்மேற்கு மூலையில் இருக்கும் பிளிமத்காரருக்கு, வடகிழக்கில் ஏறத்தாழ 400 மைல் தள்ளியிருக்கும் சண்டர்லாந்தில், அதுவும் செவ்வாய்க்கிழமை இரவிலா ஆட்டம் போடுவது?

வெறும் தேதிப் பட்டியலுக்கு இத்தனை கூச்சலா என்று வெளியாள் கேட்கலாம். ஆனால் இங்கிலாந்தில் கால்பந்து லீக் என்ற ஒன்று பிறந்ததே இந்தத் தேதிகளுக்காகத்தான்.

1880களில் கிளப்புகள் பெரும்பாலும் நட்பு ஆட்டங்களையும் கோப்பை ஆட்டங்களையும்தான் ஆடின. கோப்பை ஆட்டம் ஒன்று சமனில் முடிந்து மறுபடி ஆட வேண்டியிருந்தால், ஏற்கெனவே பேசி வைத்த நட்பு ஆட்டம் காற்றில் போகும். எதிரணி தாமதமாக வரும். பாதிப் பேரோடு வரும். சில நாள் வராமலே போகும். 1885-ல் ஆட்டக்காரர்களுக்குக் கூலி கொடுப்பது கால்பந்து விதிப்படி அனுமதிக்கப்பட்ட பிறகு இது வெறும் எரிச்சலாக நிற்கவில்லை. கூலி வாரம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. வாசல் வசூலுக்கோ உத்தரவாதம் இல்லை.

பர்மிங்காமில் துணிக்கடை வைத்திருந்த வில்லியம் மெக்கிரகர் ஸ்காட்லாந்துக்காரர், ஆஸ்டன் வில்லா கிளப்பின் நிர்வாகி. 1888 மார்ச் 2 அன்று அவர் சில கிளப்புகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்துப் பன்னிரண்டு முக்கியமான கிளப்புகள் சேர்ந்து, ஒவ்வொன்றும் மற்றதோடு உள்ளூரிலும் வெளியூரிலுமாக ஒவ்வொரு முறை ஆடுவதென்று முன்கூட்டியே நாள் குறித்துக்கொண்டால் என்ன என்பதுதான் அதன் சாரம். ஏப்ரல் 17 அன்று மான்செஸ்டரின் ராயல் ஓட்டலில் லீக் உருவானது. சேர்ந்தவை 12 கிளப்புகள். சேரக் கேட்டவை இன்னும் இருந்தன. ஆனால் ஒதுக்கக்கூடிய நாள்கள் 22தான் தேறின. 12 கிளப்பென்றால் ஒவ்வொன்றுக்கும் 22 ஆட்டம், கணக்கு சரியாக முடிந்துவிட்டது. வெற்றிக்கு எத்தனை புள்ளி என்பதைக்கூட அந்த ஆண்டு நவம்பரில்தான், சீசன் பாதி ஓடும்போது முடிவு செய்தார்கள். முதலில் வந்தது தேதி. மற்றதெல்லாம் பிறகு.

அந்த நாள் ஏன் சனிக்கிழமை? 1850-ன் தொழிற்சாலைச் சட்டம் ஆலைகளில் பெண்களும் இளையவர்களும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது. அந்த அரைநாள் விடுமுறை மெல்ல மற்றத் தொழில்களுக்கும் பரவியது. இரண்டு மணிக்கு ஆலை விட்டால் மூன்று மணிக்குள் மைதானத்துக்கு வந்துவிடலாம். விளக்கு வசதி இல்லாத காலத்தில் குளிர்கால இருட்டு கவியுமுன் ஆட்டமும் முடிந்துவிடும். மூன்று மணி என்ற வழக்கம் அங்கிருந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால், 1888 செப்டம்பர் 8, லீக்கின் முதல் நாளிலேயே அந்த ஒழுங்கு நிற்கவில்லை. போல்டனும் டெர்பியும் மோதிய ஆட்டம் முக்கால் மணி நேரம் பிந்தி, 3:45-க்குத்தான் தொடங்கியது. அதில் இரண்டு நிமிடத்துக்குள் போல்டனின் கென்னி டேவன்போர்ட் போட்டதுதான் லீக் வரலாற்றின் முதல் கோல் என்று பிற்கால ஆய்வு சொல்கிறது. மற்ற மைதானங்கள் இன்னும் தாமதம், அல்லது கோலுக்குத் தாமதம்.

பன்னிரண்டு கிளப்புக்கு நாள் குறிப்பது ஒரு மாலை வேலை. 1923 முதல் லீக்கில் 88 கிளப்புகள், நான்கு பிரிவுகள், ஒரு சீசனுக்கு 1,848 ஆட்டங்கள். ஒரே ஊரின் இரண்டு கிளப்புகள் ஒரே நாளில் சொந்த மைதானத்தில் ஆடக் கூடாது; அடுத்தடுத்து வெளியூராகவே விழக் கூடாது. கம்ப்யூட்டர் இல்லாத அந்தக் காலத்தில் இதைச் செய்தவர் லங்காஷயரைச் சேர்ந்த வழக்கறிஞர் சார்லஸ் சட்கிளிஃப். முன்னாள் நடுவர், பிறகு லீக்கின் தலைவர். கல்யாணத் தரகர் ஜாதகக் கட்டங்களைப் பொருத்துவதுபோல, தானே வகுத்த கட்டங்களில் கிளப்புகளைப் பொருத்தி அட்டவணை போட்டார். அவருக்குப் பின் அவர் மகன் ஹெரால்டு அந்த வேலையைத் தொடர்ந்தார். ஒரு நாட்டின் சனிக்கிழமைகள் அரை நூற்றாண்டு போல ஒரு குடும்பத்தின் மேசையிலிருந்து வந்தன என்பது நினைத்துப் பார்க்க விநோதமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பட்டியலால் காசு பார்க்கலாம் என்று கிளப்புகளுக்கு முன்பே கண்டுகொண்டவர் ஒருவர் உண்டு. லிவர்பூலில் ஜான் மூர்ஸ் 1923-ல் இரண்டு கூட்டாளிகளோடு லிட்டில்வுட்ஸ் என்ற பெயரில் பூல்ஸ் சூதாட்டத்தைத் தொடங்கினார். வரும் சனிக்கிழமை ஆட்டங்களைக் கூப்பனில் அச்சிட்டுக் கொடுப்பார்கள். முடிவுகளை ஊகித்து, சிறு தொகை கட்டி அனுப்ப வேண்டும். மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்துக்கு வெளியே 4,000 கூப்பன் கொடுத்ததில் திரும்பி வந்தவை 35. கூட்டாளிகள் விலகிக்கொண்டார்கள், மூர்ஸ் விடவில்லை. 1930களின் நடுவில் பூல்ஸ் ஆடுவோர் பல லட்சங்களைத் தாண்டியிருந்தார்கள். மைதானத்துக்கே போகாதவர்களும், பெண்களும்கூட வார நாளில் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஆட்டப் பட்டியலைப் படித்தார்கள்.

லீக்கில் பலருக்கு இது பிடிக்கவில்லை. சூதுக்கு எதிரியான சட்கிளிஃப் அதில் முன்னணியில் நின்றார். கூப்பன் அச்சிடப் பட்டியல் வேண்டும், பட்டியலையே மறைத்துவிட்டால்? 1936 பிப்ரவரி 29, மார்ச் 7 ஆகிய இரண்டு சனிக்கிழமைகளுக்கான அட்டவணையை லீக் ரத்து செய்து ஆட்டங்களை மாற்றியமைத்தது. யார் யாரோடு ஆடுகிறார்கள் என்பது கிளப்புகளுக்கே கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. வாழ்நாளெல்லாம் பட்டியல் போட்டவரின் தரப்பே பட்டியலைக் கிழித்துப் போட்டது.

அடி விழுந்தது ரசிகர்களுக்கு. எந்த அணி வருகிறதென்றே தெரியாதவர் எப்படிக் கிளம்புவார்? வெளியூர் ரசிகர் ரயிலை எப்படிப் பிடிப்பார்? பல மைதானங்களில் கூட்டம் சரிந்தது. வசூல் போன கிளப்புகள் கொதித்தன. இரண்டே சனிக்கிழமையில் ‘பூல்ஸ் போர்’ முடிந்துபோனது. ரசிகன் எதற்குப் பணம் கொடுக்கிறான் என்பதை லீக் நிர்வாகிகள் அப்போதுதான் கணக்குப் பார்த்திருப்பார்கள் போலும். தொண்ணூறு நிமிட ஆட்டத்துக்கு மட்டுமா? அதற்கு முந்தைய பல வாரக் காத்திருப்புக்கும் சேர்த்துத்தான்.

ஒழிக்க முடியாதவனிடம் வாடகை வாங்கலாம் என்ற ஞானம் வர இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. 1959-ல் லிட்டில்வுட்ஸ் மேல் லீக் தொடுத்த வழக்கில், ஆட்ட அட்டவணைக்குக் காப்புரிமை உண்டு என்று நீதிபதி அப்ஜான் தீர்ப்பளித்தார். அதை உருவாக்குவதில் உழைப்பும் திறமையும் கணிசமாகச் செல்கின்றன என்பது அவர் கண்ட நியாயம். அதன் பிறகு பூல்ஸ் நிறுவனங்கள் பட்டியலுக்குப் பணம் கட்டத் தொடங்கின.

1963 குளிர்காலத்தில் இந்தக் கதை தன் உச்சத்தைத் தொட்டது. பனி விலகாமல் ஆட்டங்கள் வாரக்கணக்கில் தள்ளிப்போயின. லிங்கனுக்கும் கவென்ட்ரிக்கும் இடையிலான கோப்பை ஆட்டம் ஒன்று பதினைந்து முறை ஒத்திவைக்கப்பட்டது. ஆட்டம் இல்லையென்றால் கூப்பனும் இல்லை. எனவே ஜனவரி 26 அன்று பூல்ஸ் நிறுவனங்கள் ஒரு குழுவை உட்கார வைத்தன. முன்னாள் ஆட்டக்காரர்கள் டாம் ஃபின்னி, டாமி லாட்டன், டெட் டிரேக், ஜார்ஜ் யங், நடுவர் ஆர்தர் எல்லிஸ், தலைமைக்கு ஒரு பிரபு. நடக்காத ஆட்டங்களில் யார் ஜெயித்திருப்பார்கள் என்று அவர்கள் தீர்மானித்து அறிவித்தார்கள். பட்டியல் இருந்தால் போதும், பந்துகூட வேண்டாம் என்றாகிவிட்டது.

பண்டிகை நாள்கள் தனிக் கதை. கிறிஸ்துமஸ் அன்றே ஆடும் வழக்கம் 1950களின் கடைசி வரை இருந்தது. பெரும்பாலும் அதே எதிரணியோடு மறுநாளும் ஆட்டம். பேருந்தும் ரயிலும் குறைந்து, வீட்டோடு இருக்கும் பழக்கம் பெருகியபோது அது தேய்ந்தது. பாக்சிங் டே மட்டும் நிலைத்தது. 1963-ல் அந்த ஒரு நாளில் முதல் பிரிவின் பத்து ஆட்டங்களில் 66 கோல்கள். ஃபுல்ஹம் இப்ஸ்விச்சை 10-1 என்று நொறுக்கியது. இரண்டே நாளில் அதே அணிகள் மறுபடி மோதின. இப்ஸ்விச் 4-2 என்று ஜெயித்தது. ஜூனில் பட்டியல் வந்ததும் கண் ஏன் முதலில் டிசம்பர் 26-க்கு ஓடுகிறது என்பதற்கு இப்படிப்பட்ட நினைவுகளும் ஒரு காரணம்.

சனிக்கிழமையின் பிடி முதலில் தளர்ந்தது மின்வெட்டில். 1974 ஜனவரியில் நிலக்கரித் தட்டுப்பாட்டால் தொழிற்சாலைகள் வாரம் மூன்று நாள் மட்டுமே இயங்கின. ஜனவரி 20 அன்று மில்வாலும் ஃபுல்ஹமும் லீக்கின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை ஆடின. ஞாயிறன்று நுழைவுக் கட்டணம் வாங்கப் பழைய சட்டம் தடை போட்டதால், அந்த மாத ஞாயிறு ஆட்டங்களில் டிக்கெட்டுக்குப் பதிலாக நிகழ்ச்சிக் கையேட்டை விற்று ஆளை உள்ளே விட்டார்கள். தேதி மாறுவதற்குக் காரணம் தேசிய நெருக்கடியாக இருந்த காலம் அது.

1992 ஆகஸ்டில் பிரீமியர் லீக்கும் ஸ்கை தொலைக்காட்சியும் கைகோத்தபோது அதற்கு எந்த நெருக்கடியும் தேவைப்படவில்லை. 16-ம் தேதி ஞாயிறு நாட்டிங்காம் ஃபாரஸ்டும் லிவர்பூலும். மறுநாள் திங்கள் இரவு மான்செஸ்டர் சிட்டியும் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸும். அன்றிலிருந்து ஜூனில் வரும் பட்டியலின் அடியில் ‘மாறுதலுக்கு உட்பட்டது’ என்ற வரி நிரந்தரமானது. ரசிகர் சனிக்கிழமைக்கு ரயில் டிக்கெட்டும் விடுதி அறையும் எடுத்துவைப்பார். சில வாரம் கழித்து ஆட்டம் திங்கள் இரவு எட்டு மணிக்குப் போகும். ஆட்டம் முடியும் நேரத்தில் ஊர் திரும்பக் கடைசி ரயில் கிளம்பியிருக்கும். அட்டவணையைத் திட்டுவதாகத் தோன்றும் பல குரல்கள் உண்மையில் இதைத்தான் திட்டுகின்றன.

இப்போது பட்டியலைப் போடுவது கம்ப்யூட்டர். ஆனால் அதன் முன்னால் ஓர் ஆள் உண்டு: அட்டோஸ் நிறுவனத்தின் கிளென் தாம்சன் பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தார். பிரீமியர் லீக்கையும் அடுத்த மூன்று பிரிவுகளையும் சேர்த்து 2,036 ஆட்டங்கள். அடுத்தடுத்து வரும் எந்த ஐந்து ஆட்டத்தை எடுத்தாலும் உள்ளூரும் வெளியூரும் மூன்றுக்கு இரண்டாகப் பிரிய வேண்டும். சீசனைத் தொடர்ந்து இரண்டு வெளியூர் ஆட்டத்தோடு தொடங்கவோ முடிக்கவோ கூடாது. பாக்சிங் டேயில் உள்ளூர் என்றால் புத்தாண்டுக்கு வெளியூர். போலீஸ் என்ன சொல்கிறது, எங்கே தண்டவாளப் பராமரிப்பு நடக்கிறது என்பதெல்லாமும் உள்ளே போக வேண்டும். ஒரு தேதியை நகர்த்தினால் நாற்பது தேதி குலையும். இவ்வளவு சொன்னாலும் சந்தேகம் போகாது. அது ரசிகர்களுக்கு மட்டும் உரியதுமல்ல. 2009 ஜனவரியில் லிவர்பூல் மேலாளர் ரஃபா பெனிடெஸ், அட்டவணை பற்றிப் புலம்பிய மான்செஸ்டர் யுனைடெட் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்கூசனைக் குத்திக்காட்டி, பேசாமல் அவரே தன் அலுவலகத்தில் அட்டவணை போட்டு அனுப்பிவிடட்டும் என்று பத்திரிகையாளர்கள் முன் சொன்னார்.

சட்கிளிஃப் குடும்பத்தின் உழைப்புக்குக் கிடைத்த காப்புரிமையும் நிலைக்கவில்லை. யாஹூ உள்ளிட்ட நிறுவனங்களோடு நடந்த வழக்கில் 2012 மார்ச் 1 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது: உழைப்பும் திறமையும் மட்டும் போதாது, படைப்புச் சுதந்திரம் வெளிப்பட வேண்டும். விதிகளுக்குள் நசுங்கி உருவாகும் பட்டியலில் அதைக் காட்டுவது கடினம்.

பிடிக்காத தேதியை ரசிகர்கள் தூக்கியெறிய வைத்ததும் நடந்திருக்கிறது, ஆனால் ஜெர்மனியில். பன்டஸ்லீகா சீசனுக்கு ஐந்து திங்கள் ஆட்டங்களைப் புகுத்தியது. 2018 பிப்ரவரியில் ஃபிராங்ஃபர்ட் ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் வீசி ஆட்டத்தைத் தாமதப்படுத்தினார்கள். அடுத்த வாரம் டார்ட்மண்டின் திங்கள் ஆட்டத்தில் ஆயிரக்கணக்கான இருக்கைகள் காலியாகக் கிடந்தன. அதே ஆண்டு நவம்பரில், 2021-22 முதல் திங்கள் ஆட்டங்கள் இருக்காது என்று லீக் அறிவித்தது.

இங்கிலாந்தில் அவ்வளவு தூரம் போனதில்லை. 2025-26 சீசனில் பாக்சிங் டே வெள்ளிக்கிழமை வந்தது. அன்று பிரீமியர் லீக்கில் ஒரே ஓர் ஆட்டம், மான்செஸ்டர் யுனைடெடும் நியூகாசிலும், இரவு எட்டு மணிக்கு. ஐரோப்பியப் போட்டிகள் பெருத்துவிட்டன, வார இறுதிகள் குறைந்துவிட்டன, தொலைக்காட்சி ஒப்பந்தம் வேறு இருக்கிறது என்று லீக் விளக்கம் சொன்னது. அடுத்த ஆண்டு டிசம்பர் 26-ல் ஆட்டங்கள் கூடும் என்று வாக்குறுதியும் கொடுத்தது. அதற்கு அது சொன்ன காரணம், 2026-ல் அந்தத் தேதி சனிக்கிழமையில் விழுகிறது.